பிறக்கும்போதே பழசு: கேஸ்லான் ஆன்டீக் என்ற எழுத்துரு

நாலைந்து வருஷத்துக்கு முன்னால் தேயிலையின் வரலாறு பற்றி இங்கே ஒரு தொடர் எழுதினேன். 1773 டிசம்பரில் பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டிய கதை வரும் இடத்தில் ஒரு படம் இருந்தால் நன்றாக இருக்கும் என்று தேடினேன். இணையத்தில் ஒரு துண்டறிக்கை கிடைத்தது. பழுப்பேறிய தாள், ஓரமெல்லாம் கரிந்த மாதிரி, முனை மழுங்கின எழுத்துகள். பார்த்தவுடனே "அடடா, இதுதான்" என்று தோன்றியது. "அக்காலத் துண்டறிக்கை" என்று கீழே ஒரு வரி எழுதி ஏற்றிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து ஒரு நண்பர் ஃபோன் செய்தார். அச்சகத் தொழிலில் நாற்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். "கட்டுரை நல்லா இருக்கு தம்பி. அந்தப் படத்தை மட்டும் எடுத்துடுங்க. அதுல இங்கிலீஷ் 'ஈ' எழுத்து எத்தனை இருக்குன்னு எண்ணுங்க. ஒவ்வொண்ணையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க, உங்களுக்கே புரியும்" என்றார்.

எண்ணினேன். பதினொன்று. ஒரு சின்ன பைத்தான் நிரல் எழுதி அவற்றைத் தனித்தனியாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்தேன். பதினொன்றும் அச்சு அசலாக ஒன்றே. இடது விளிம்பில் ஒரு சின்னப் பள்ளம், மேல் வளைவில் ஒரு சின்ன வீக்கம். எல்லா 'ஈ'யிலும் அதே இடத்தில் அதே பள்ளம், அதே வீக்கம். கணினியில் தட்டின எழுத்து. தாளின் பழுப்பு, ஓரக் கரி எல்லாம் ஃபோட்டோஷாப்.

படத்தை எடுத்தேன், திருத்தக் குறிப்பும் போட்டேன். ஆனால் கேள்வி போகவில்லை. ஆராய்ச்சிக் குறிப்பு என்று பெயர் வைத்துக்கொண்டு எழுதுகிற என்னை ஏமாற்றிய அந்த எழுத்து எது? அதன் பெயர் கேஸ்லான் ஆன்டீக். தேடப் போனால், கணினி வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்னாலேயே இந்த ஏமாற்று ஆரம்பித்துவிட்டது என்று தெரிந்தது. இந்தக் குறிப்பு அந்த எழுத்துருவைப் பற்றியது. அதைத் திட்டுவதற்காக ஆரம்பித்தேன். முடிக்கும்போது கோபம் வேறு பக்கம் திரும்பியிருந்தது.

ஒரு எழுத்து, இரண்டு பொய்ப் பெயர்கள்

கேஸ்லான் ஆன்டீக் சிகாகோவில் பிறந்தது. பார்ன்ஹார்ட் பிரதர்ஸ் அண்ட் ஸ்பிண்ட்லர் என்ற வார்ப்பகத்துக்காக பெர்ன் நடால் என்பவர் 1890களில் வரைந்தது. அப்போது அதற்கு வைத்த பெயர் வேறு: 'ஃபிஃப்டீன்த் செஞ்சுரி'. அதாவது பதினைந்தாம் நூற்றாண்டு.

ஏன் அந்த நூற்றாண்டு? அன்றைய காற்று அப்படி. இங்கிலாந்தில் வில்லியம் மோரிஸ் 1891-ல் கெல்ம்ஸ்காட் அச்சகத்தைத் தொடங்கி, 1470களின் வெனிஸில் நிக்கோலஸ் ஜென்சன் அச்சிட்ட புத்தகங்களை முன்மாதிரியாக வைத்துக் கனமான, கையால் செய்த தோற்றமுள்ள எழுத்துகளை உருவாக்கினார். இயந்திரம் எல்லாவற்றையும் வழவழப்பாக்கிவிட்டது, பழைய கைவினைக்குத் திரும்ப வேண்டும் என்பது அவர் கட்சி. அந்த அலை அட்லான்டிக்கைத் தாண்டி அமெரிக்காவுக்கும் வந்தது. "பழசு மாதிரி" எழுத்துக்கு விளம்பரக்காரர்களிடம் கிராக்கி ஏற்பட்டது. நடாலின் எழுத்து அந்தச் சந்தைக்கு வந்த சரக்கு.

முதல் பெயரில் அது பெரிதாகப் போகவில்லை. பிற்பாடு அதே வார்ப்பகம் அதே எழுத்தை 'கேஸ்லான் ஆன்டீக்' என்று பெயர் மாற்றி விற்றது. பெயர் மாறியது, சரக்கு அதேதான். அப்புறம் அமோகமாக ஓடியது.

இந்த இரண்டாவது பெயரைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். வில்லியம் கேஸ்லான் லண்டன்காரர், 1692-ல் பிறந்து 1766-ல் இறந்தவர். துப்பாக்கிகளில் நகாசு வேலை செய்துகொண்டிருந்த செதுக்குக் கலைஞர், 1720களில் அச்செழுத்துக்கு மாறினார். 1734-ல் அவர் வெளியிட்ட மாதிரித் தாள் அச்சுலகில் புகழ்பெற்றது. பிரிட்டிஷ் பேரரசு போன இடமெல்லாம் அவர் எழுத்தும் போனது. 1776 ஜூலை 4 இரவு ஃபிலடெல்ஃபியாவில் ஜான் டன்லப் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தை அச்சிட்டபோது கோத்தது கேஸ்லான் எழுத்தில்தான். பிரிட்டனை எதிர்த்த அறிக்கை பிரிட்டிஷ் எழுத்தில்! ஆகவே அமெரிக்கர்களுக்குக் கேஸ்லான் என்ற பெயரைக் கேட்டாலே காலனி காலமும் விடுதலைப் போரும் ஞாபகம் வரும்.

நடாலின் எழுத்துக்கும் அந்தக் கேஸ்லானுக்கும் ஒரு உறவும் கிடையாது. கேஸ்லான் வெட்டிய எழுத்தைப் பார்த்து வரைந்ததும் அல்ல. சரி, 'ஆன்டீக்'காவது உண்மையா? அச்சுத் தொழிலில் 'ஆன்டீக்' என்பதற்கு ஏற்கெனவே ஒரு பொருள் இருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் வின்சென்ட் ஃபிக்கின்ஸ் செங்கல் மாதிரி தடித்த சதுரக் கால்களுடன் வெளியிட்ட எழுத்துவகைக்கு அந்தப் பெயர். அந்த வகையும் இது இல்லை. ஆக, பதினைந்தாம் நூற்றாண்டும் இல்லை, கேஸ்லானும் இல்லை, தொழில்முறைப் பொருளில் ஆன்டீக்கும் இல்லை. பெயரில் உள்ள ஒவ்வொரு சொல்லும் பொய்யான ஒரு தயாரிப்பை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

தேய்மானம் எப்படி வருகிறது

பெயரை விடுவோம், எழுத்தைப் பார்ப்போம். இதன் விளிம்புகள் நேராக ஓடாமல் லேசாக நெளிகின்றன. கால்கள், அதாவது செரிஃப்கள், கூராக முடியாமல் மழுங்கி நிற்கின்றன. தடித்த கோட்டுக்கும் மெல்லிய கோட்டுக்கும் அதிக வித்தியாசம் கிடையாது. பல தடவை அடித்துத் தேய்ந்த எழுத்தில், மை கொஞ்சம் அதிகமாகி, சொரசொரப்பான தாளில் பதிந்தால் எப்படித் தெரியுமோ, அப்படி.

உண்மையில் அப்படி ஆவதற்குக் காரணம் இருந்தது. அந்தக் கால ஈய எழுத்து செய்யும் முறை இதுதான்: எஃகுத் துண்டு ஒன்றின் முனையில் எழுத்தைப் புடைப்பாகச் செதுக்குவார்கள். அதைச் செம்பில் அடித்து இறக்கினால் பள்ளமான அச்சு கிடைக்கும். அந்த அச்சை வார்ப்புக் கருவியில் பொருத்தி, ஈயமும் வெள்ளீயமும் ஆன்டிமனியும் கலந்த உருகிய உலோகத்தை ஊற்றினால் ஒவ்வொரு தடவையும் ஒரு எழுத்து விழும். ஒரே அச்சிலிருந்து ஆயிரக்கணக்கான 'ஈ'. வார்த்து எடுத்த அன்றைக்கு எல்லாம் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும்.

அதற்கப்புறம்தான் ஒவ்வொன்றுக்கும் ஒரு வாழ்க்கை ஆரம்பிக்கிறது. ஒரு 'ஈ' கம்போசிட்டர் கையிலிருந்து கீழே விழுந்து மூக்கு உடையும். இன்னொன்று எப்போதும் வரியின் ஓரத்தில் அமர்ந்து ஒரு பக்கம் மட்டும் தேயும். புதிதாக வாங்கிச் சேர்த்த ஒன்று பளபளவென்று இருக்கும். கைஅச்சுக் காலத்தில் தாளை நனைத்து ஈரமாக்கித்தான் அடிப்பார்கள், அதனால் எழுத்து தாளுக்குள் அமுங்கி மை கசியும். அந்தக் கசிவும் இடத்துக்கு இடம் மாறும். சின்ன வயதில் எங்கள் ஊரில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் பிரஸ்ஸில் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறேன். கேஸில் ஒரே குழிக்குள் கிடக்கும் எழுத்துகளில் இரண்டு ஒரே மாதிரி தேய்ந்து நான் பார்த்ததில்லை.

அதாவது, பழைய அச்சில் பழமை என்பதே வித்தியாசம்தான். ஒரே பக்கத்தில் பதினொரு 'ஈ' இருந்தால் பதினொன்றும் பதினொரு விதமாக அடிபட்டிருக்கும். கேஸ்லான் ஆன்டீக் செய்தது என்னவென்றால், ஒரு அடியை எடுத்து அச்சிலேயே பதித்துவிட்டது. புத்தம்புது எழுத்து, வார்க்கும்போதே உடைந்த மூக்கோடு விழுகிறது. எல்லா மூக்கும் ஒரே இடத்தில் உடைந்திருக்கிறது.

காயம் பேசும்

"சரி, அலங்கார எழுத்துதானே, இதுக்கு இவ்வளவு கோபமா?" என்று கேட்கலாம். என் கோபத்துக்குக் காரணம் சார்ல்டன் ஹின்மன்.

ஹின்மன் அமெரிக்க ஆய்வாளர். ஷேக்ஸ்பியர் நாடகங்களின் முதல் பெருந்தொகுப்பு 1623-ல் லண்டனில் அச்சானது. அந்தப் புத்தகத்தின் பல பிரதிகள் வாஷிங்டனின் ஃபோல்ஜர் நூலகத்தில் இருக்கின்றன. ஹின்மன் அவற்றை ஒப்பிட்டுப் பார்க்கவே ஒரு கருவி செய்தார். இரண்டு பிரதிகளின் ஒரே பக்கத்தைக் கண்ணாடிகள் வழியாக ஒன்றன்மேல் ஒன்றாகக் காட்டி, மாறி மாறி வெளிச்சம் போடும். எங்கே வித்தியாசம் இருக்கிறதோ அந்த இடம் மட்டும் துடிக்கும். நான் பைத்தானில் செய்ததை அவர் கண்ணாடியும் விளக்கும் வைத்துச் செய்திருக்கிறார்!

அத்தோடு நிற்கவில்லை. அடிபட்ட எழுத்துகளைத் தனித்தனியாக அடையாளம் கண்டு, ஒரு குறிப்பிட்ட உடைந்த எழுத்து எந்தப் பக்கத்தில் வருகிறது, அடுத்து எந்தப் பக்கத்தில் வருகிறது என்று பின்தொடர்ந்தார். ஒரு பக்கத்தை அடித்து முடித்துப் பிரித்துக் கேஸில் போட்டால்தான் அந்த ஈயத்துண்டு இன்னொரு பக்கத்துக்குப் போக முடியும். இந்த ஒரு தர்க்கத்தை வைத்து, 300 வருஷத்துக்கு முன் ஒரு அச்சகத்தில் எந்தப் பக்கத்தை எந்த வரிசையில் கோத்தார்கள், எத்தனை பேர் கோத்தார்கள் என்பதையெல்லாம் படிப்படியாகக் கட்டி எழுப்பி, 1963-ல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார்.

எங்கள் தொழிலில் லாக் ஃபைல் என்று ஒன்று உண்டு. சர்வரில் எது எப்போது நடந்தது என்று வரிவரியாகப் பதிவாகும். ஏதாவது கெட்டுப்போனால் முதலில் அதைத்தான் திறந்து பார்ப்போம். ஹின்மனைப் படித்தபோது எனக்குத் தோன்றியது இதுதான்: தேய்ந்த எழுத்து ஒரு லாக் ஃபைல். ஒவ்வொரு காயமும் ஒரு வரி. கேஸ்லான் ஆன்டீக் என்பது எல்லா வரியிலும் ஒரே நேரம், ஒரே செய்தி என்று யாரோ கையால் எழுதி வைத்த லாக். பார்க்க லாக் மாதிரியே இருக்கும். அதிலிருந்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஒரே காயம் திரும்பத் திரும்ப வருகிற இயந்திரம் உண்மையிலேயே ஒன்று இருந்தது: தட்டச்சுப் பொறி. அதில் ஒரு எழுத்துக்கு ஒரே உலோக அச்சுதான். அது நசுங்கினால் கடிதம் முழுக்க அதே நசுங்கல் வரும். அதை வைத்தே எந்தப் பொறியில் அடித்தது என்று கண்டுபிடிப்பார்கள். 1891-ல் வந்த ஒரு ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில் துப்பே இதுதான். ஆக, அதே பத்தாண்டில் பிறந்த கேஸ்லான் ஆன்டீக் ஈய எழுத்து வேஷம் போட்ட தட்டச்சுப் பொறி மாதிரி நடந்துகொள்கிறது. வேஷம் கலைவதும் அதே இடத்தில்தான்.

மேடையில் மட்டும் ஏன் பொருந்துகிறது

இதுவரை குறை சொன்னேன். இப்போது மறுபக்கம். இந்த எழுத்துருவை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். 'லே மிஸராப்ல்' இசை நாடகம் 1985 அக்டோபரில் லண்டன் பார்பிகனில் தொடங்கியது. அதன் சுவரொட்டியில் காற்றில் முடி பறக்க நிற்கும் சிறுமியின் படம், கீழே பெயர். அந்தப் பெயர் கேஸ்லான் ஆன்டீக்கில் இருக்கிறது.

சரித்திரப்படி பார்த்தால் இது முழுத் தப்பு. நாடகக் கதை 1815-ல் ஆரம்பித்து 1832 பாரிஸ் கலகம் வழியாகப் போகிறது. அந்த பாரிஸில் அச்சுலகை ஆண்டது டிடோ குடும்பத்தின் எழுத்துப் பாணி. கத்தி மாதிரி கூர்மை, ஊசி மாதிரி மெல்லிய கோடுகள், துளி நெளிவு கிடையாது. விக்டர் ஹ்யூகோவின் ஏழைகள் அன்றைக்குத் தெருவில் ஒட்டியிருந்த ஒரு நோட்டீஸைப் பார்த்திருந்தால், அதில் சிகாகோக்காரர் வரைந்த இந்த மழுங்கல் எழுத்து இருந்திருக்காது.

ஆனாலும் அந்தச் சுவரொட்டி நன்றாகத்தான் இருக்கிறது. ஏன் என்று ரொம்ப நேரம் யோசித்தேன். அந்தச் சிறுமி, கோசெத், எமில் பயார் வரைந்த பழைய புத்தகச் சித்திரம். செதுக்குக் கோடுகளால் ஆனது, கோடெல்லாம் சொரசொரப்பு. அதன் அடியில் டிடோ எழுத்தை வைத்தால் ஜமீன் வீட்டு அழைப்பிதழ் மாதிரி ஆகிவிடும். கேஸ்லான் ஆன்டீக்கின் நெளிவு சித்திரத்தின் கோட்டோடு ஒட்டுகிறது. அடிபட்டது, ஏழ்மை, ரொம்ப நாள் ஆனது என்ற மூன்றையும் அது சொல்கிறது. எந்த ஊர், எந்த வருஷம் என்பதைச் சொல்வதில்லை, சுவரொட்டிக்கு அது தேவையும் இல்லை. மேடையில் வரும் பிச்சைக்காரர் சட்டையில் தையல்காரர் ஒட்டுப்போட்டுக் கொடுத்ததை யாரும் மோசடி என்று சொல்வதில்லையே. டிக்கெட் வாங்கி உள்ளே வந்தவனுக்கு அது நாடகம் என்று தெரியும்.

அளவும் ஒரு காரணம். இது தலைப்புக்கான எழுத்து. பத்து, பதினைந்து எழுத்துகள் பெரிதாக வந்தால் கண் மொத்த உருவத்தைத்தான் பிடிக்கும். அந்த நாடகப் பெயரிலேயே 'எஸ்' மூன்று தடவை வருகிறது, 'ஈ' மூன்று தடவை வருகிறது. இந்த எழுத்துருவில் தட்டிப் பாருங்கள், உற்றுப் பார்த்தால் மூன்றும் ஒன்று என்று தெரியும். ஆனால் யார் உற்றுப் பார்க்கிறார்கள்? இதையே ஒரு பத்திக்குப் போட்டால் கதை வேறு. ஒரே நெளிவு நூறு தடவை வரும்போது அது கைவேலை மாதிரி இல்லாமல் சுவர்க்காகிதப் பூப்போல ஆகிவிடுகிறது. என் துண்டறிக்கை மாட்டிக்கொண்டதும் அதனால்தான்.

இதையே வேறு விதமாகச் செய்தவர்கள்

தேய்ந்த தோற்றத்தை எழுத்துருவில் கொண்டுவருவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. இரண்டு உதாரணங்கள்.

ஒன்று, பியோவுல்ஃப். நெதர்லாந்துக்காரர்களான யுஸ்ட் வான் ரோசம், எரிக் வான் ப்ளோக்லன்ட் இருவரும் 1989-ல் செய்தது. எழுத்தின் வடிவம் போஸ்ட்ஸ்கிரிப்ட் நிரலாகப் பிரின்டருக்குப் போகும் அல்லவா, அந்த நிரலுக்குள் தற்செயல் எண் ஒன்றை நுழைத்துவிட்டார்கள். ஒவ்வொரு தடவை 'ஈ' அச்சாகும்போதும் அதன் விளிம்புப் புள்ளிகள் கொஞ்சம் கொஞ்சம் நகரும். ஒரே பக்கத்தில் இரண்டு 'ஈ' ஒன்றாக இருக்காது. எனக்குப் பிடித்தது என்னவென்றால், அது பழசு மாதிரி நடிக்கவே இல்லை. பழைய அச்சில் எது அழகோ, அதாவது அந்த வித்தியாசம், அதை மட்டும் எடுத்துக்கொண்டு புதுசாகவே நின்றது. நெளிவை வைத்துக்கொண்டு வித்தியாசத்தை விட்டுவிட்ட கேஸ்லான் ஆன்டீக்குக்கு இது நேர் எதிர்.

இரண்டாவது, ஃபெல் எழுத்துகள். 17-ஆம் நூற்றாண்டில் ஆக்ஸ்ஃபோர்டு அச்சகத்துக்காக ஜான் ஃபெல் சேர்த்துக் கொடுத்த எழுத்துகள். இத்தாலியரான இஜினோ மரீனி அவற்றின் பழைய அச்சிலிருந்து எடுத்து எழுத்துருவாக்கி இலவசமாகவே தந்திருக்கிறார். கூகுள் ஃபான்ட்ஸில் ஐஎம் ஃபெல் என்ற பெயரில் கிடைக்கும். விளிம்பின் சொரசொரப்பை அவர் மழித்துவிடவில்லை, மையின் கசிவும் அப்படியே இருக்கிறது.

இங்கேதான் எனக்கு ஒரு சிக்கல் வந்தது. ஃபெல்லிலும் 'ஈ' தட்டினால் ஒரே 'ஈ'தான் திரும்பத் திரும்ப வரும். அதே குற்றம்தானே? அப்புறம் ஏன் அதன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை? பெயர்தான் காரணம். இது ஃபெல் எழுத்து என்கிறது, அது உண்மை. எந்த அளவிலிருந்து எடுத்தது என்பதைக்கூடப் பெயரிலேயே சொல்கிறது. அதிலுள்ள காயம் என்றோ ஒரு நாள் ஒரு ஈயத்துண்டும் மையும் தாளும் சந்தித்தபோது ஏற்பட்டது. நடாலின் எழுத்தில் உள்ள காயம் யாருக்கும் எப்போதும் ஏற்படாதது.

என் தீர்ப்பு

தேய்மானத்தைப் படியெடுத்ததைவிட, தன் பிறப்பை மறைத்ததுதான் கேஸ்லான் ஆன்டீக்கின் பெரிய குற்றம். 1890களின் சிகாகோ எழுத்து என்று அது ஒப்புக்கொண்டிருந்தால், மோரிஸ் காலத்து மோகத்தில் பிறந்த ஒரு சுவாரசியமான அலங்கார எழுத்து என்று ரசித்திருப்பேன். இன்றைக்கு அதுவே நூறு வயது தாண்டிய கிழம். உண்மையான வயதே மரியாதைக்குரியதாக இருக்கும்போது பொய் வயது எதற்கு?

எங்கே பயன்படுத்தலாம்? நாடகம், கதைப் புத்தக அட்டை, பேய்ப்படத் தலைப்பு, தின்பண்ட டப்பா. பார்ப்பவருக்கு இது வேஷம் என்று தெரிகிற இடமெல்லாம் சரி. ஆவணம் என்று சொல்லிக்கொள்ளும் எதிலும் கூடாது. அருங்காட்சியகப் பலகை, பாடநூல், வரலாற்றுக் கட்டுரை எதிலும் வேண்டாம். 18-ஆம் நூற்றாண்டுத் தோற்றம் வேண்டுமென்றால் உண்மையான கேஸ்லானைப் பார்த்துச் செய்தவை இருக்கின்றன. கேரல் டுவாம்ப்ளி 1990-ல் வரைந்த அடோபி கேஸ்லான் வழவழப்பானது, படிக்கச் சுகமானது. ஜஸ்டின் ஹவ்ஸ் செய்த ஃபவுண்டர்ஸ் கேஸ்லான் பழைய அச்சின் தழும்புகளோடு, அளவுக்கு ஒன்றாகத் தனித்தனியே வரையப்பட்டது.

இனி ஏதாவது "பழைய ஆங்கில அறிக்கை" உங்கள் வாட்ஸ்அப்புக்கு வந்தால் இரண்டு விஷயம் பாருங்கள். முதலில், ஒரே எழுத்து வரும் நாலு இடத்தைப் பெரிதாக்குங்கள். நாலும் ஒரே இடத்தில் அடிபட்டிருந்தால் சந்தேகப்படுங்கள். அடுத்து, சொல்லின் முதலிலும் நடுவிலும் 'எஸ்' வரும் இடத்தைப் பாருங்கள். 1770களின் ஆங்கில அச்சில் அங்கே பெரும்பாலும் 'எஃப்' மாதிரி தெரியும் நீள 'எஸ்' இருக்க வேண்டும். அது வழக்கொழிந்தது 1800-ஐ ஒட்டித்தான். என் துண்டறிக்கையில் ஒன்றுகூட இல்லை. நண்பர் சொல்லும் வரை நான் அதைக் கவனிக்கவும் இல்லை.

அதுதான் கடைசியில் உறைத்தது. நடாலின் எழுத்து யாரையும் கட்டாயப்படுத்தி ஏமாற்றவில்லை. பழுப்புத் தாளையும் மழுங்கின எழுத்தையும் பார்த்ததும் நான் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். பழசு என்றால் உண்மை என்று என் கண்ணே முடிவு கட்டிவிட்டது.

போன வாரம் அந்தப் படத்தைத் தேயிலைத் தொடரில் மறுபடி ஏற்றிவிட்டேன். பழைய இடத்திலேயே இருக்கிறது. கீழே உள்ள வரியை மட்டும் மாற்றியிருக்கிறேன்: "கணினியில் செய்த போலித் துண்டறிக்கை. எழுத்து: கேஸ்லான் ஆன்டீக், சிகாகோ, 1890கள். இதை நான் ஒருமுறை நம்பினேன்."